பத்தொன்பதாவது ஆணி

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய பொடி டப்பா இருக்கிறது. எனக்குப் பொடி போடும் பழக்கம் எந்நாளும் இருந்ததில்லை. அதற்குள் இருப்பது துருவேறிய ஒரு பாதி ஆணி. தலைப்பக்கத்துப் பாதி, ஐந்து விரற்கடை நீளம். அதன் கழுத்தில் கறுப்பு நூல் சுற்றியதுபோல ஏதோ இறுகிக் கிடக்கும். வீட்டில் ஒன்றிரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு இந்தக் குப்பையை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஏதோ ஒரு பதில் சொல்லி டப்பாவை மூடிவிடுவேன். கழுத்தில் சுற்றியிருப்பது நூல் அல்ல. என் அக்காவின் தலைமுடி.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். வேப்பந்தட்டைக்காரர். மரம் வெட்டி அறுப்பதுதான் தொழில். யாரிடமும் கூலிக்கு நிற்கமாட்டார். பங்காகக் கிடைத்த துண்டு நிலத்தை விற்று ஆள் உயரத்துக்கு மரமறுக்கும் வாள் ஒன்று வாங்கியவர் என்பதால், சொந்தக்காரர்கள் அவரை அரைக்கிறுக்கு என்பார்கள். எந்த மரத்தை வெட்டுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதை அவரே தீர்மானிப்பார். எனக்கு இருபது வயதானபோது விக்கிரமங்கலத்தில் விவசாயம் பொய்த்துவிட்டது. அக்கா சொல்லித்தான் அவரோடு சேர்ந்தேன். நாலு வருடத்தில் பெரம்பலூர், அரியலூர்ச் சுற்றுவட்டாரத்தில் எங்கள் வாள் போகாத ஊர் குறைவு.

மரம் அறுப்பது இரண்டு பேர் வேலை. ஆள் நிற்கிற ஆழத்துக்குக் குழி வெட்டி, மேலே குறுக்குச் சட்டங்கள் போட்டு, அடிமரத்தை அதன்மேல் உருட்டி வைப்போம். ஒருவர் மரத்தின்மேல் நின்று வாளைத் தூக்குவார், இன்னொருவர் குழிக்குள் நின்று கீழே இழுப்பார். கீழே இழுக்கும்போதுதான் வாள் அறுக்கும். மரத்தூள் முழுக்கக் குழியில் நிற்பவர் தலையில்தான் கொட்டும். அவர் துண்டைத் தலையில் போட்டு முகத்தைக் குனிந்தபடியே இழுக்கவேண்டும், நிமிர்ந்து பார்க்கக் கூடாது. கோடு தவறாமல் வாளை நடத்துவது மேலே நிற்பவர் பொறுப்பு. வழக்கமாக மச்சான் மேலே, நான் குழியில். "மாப்ள, வெயிலு படாம நெழல்ல வேல செய்யிற ராசா நீதான்டா" என்று மேலிருந்து கேலி செய்வார். நான் வாயில் புகுந்த தூளைத் துப்பிக்கொண்டிருப்பேன்.

எதற்கும் அஞ்சாத அவர் ஒன்றுக்கு மட்டும் அஞ்சினார். மரத்துக்குள் கிடக்கும் இரும்பு. எவனோ எப்போதோ அடித்த ஆணியைப் பட்டை மூடி, மரம் விழுங்கி வைத்திருக்கும். வாள் அதில் மோதினால் பல் பறந்துவிடும். வாளே போனாலும் போகும். அதனால் அறுப்பதற்கு முன் அடிமரம் முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்போம். என் கை அவர் கையைவிட மென்மை. "உன் கையி பொம்பளக் கையி. ஆணி இருந்தா உனக்குத்தான் மொதல்ல தெரியும்" என்று அந்த வேலையைப் பெரும்பாலும் என்னிடமே விடுவார். பேய் ஓட்டி ஆணி அடித்த புளியமரம் என்று தெரிந்தால் கிட்டவே போகமாட்டார். எத்தனையோ பேர் வந்து கெஞ்சியும் தலையாட்டியதில்லை.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடின. புளியங்கரிக்கு இருந்த கிராக்கியைச் சொல்லி முடியாது. ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஓர் ஊர். அந்த ஊர் ஏரிக்கரைப் புளியமரத்தை ஒரு காண்டிராக்டர் எடுத்திருந்தார். கிளைகள் கரி மூட்டத்துக்கு, அடிமரம் பலகைக்கு. மச்சானைத் தேடி ஆள் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். எந்த மரம் என்று சொன்னதுமே நான் மச்சான் முகத்தைப் பார்த்தேன். மச்சான் மாட்டேன் என்றுதான் சொல்வார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நாள் யோசித்தார். மறுநாள், "வர்றோம்னு சொல்லிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆணி மரத்தைத் தொடாதவர் இதற்கு மட்டும் ஏன் சம்மதித்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த மரத்தை எட்டு வருடம் முன்பே எனக்குத் தெரியும். அப்போது எனக்குப் பதினாறு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அவளுடைய தோழி ஒருத்தி ஏரியில் மூழ்கிச் செத்துப்போனாள். அதிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஒரு நாள் செத்தவள் குரலிலேயே சிரித்தாள். உள்ளூரில் விஷயம் கசிந்தால் பெண்ணை எவனும் கட்டமாட்டான் என்று அம்மா பயந்தாள். இரண்டு நாள் வண்டிப் பயணத்துக்கு அப்பால் இருந்த அந்தப் புளியமரத்துக்கு யாருக்கும் தெரியாமல் கூட்டிப்போனோம். அங்கே பேய் ஓட்டுகிற கோடாங்கி ஒருவர் இருந்தார். உச்சி வெயிலில் அக்காவை மரத்தோடு சாய்த்து நிறுத்தி, உச்சி முடியை ஒரு கொத்து எடுத்து ஆணியில் சுற்றி, அவள் தலைக்கு நேராக மரத்தில் அடித்தார். பிறகு முடியைக் கத்தியால் அறுத்து அவளை விடுவித்தார். அதுவரை அவள் தோள்கள் இரண்டையும் அழுத்திப் பிடித்திருந்தது நான்தான். ஒவ்வொரு அடிக்கும் அந்தத் தோள் என் கைக்குள் துள்ளியது. திரும்புகிற வழியில் அம்மா விளக்கேற்றி எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கினாள். "இது நம்ம மூணு பேரு வாயத் தாண்டக் கூடாது. நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போறவனுக்கும் தெரியக் கூடாது."

இப்போது கட்டிக்கொண்டு போனவரே கோடாலியும் வாளுமாக அந்த மரத்தடியில் நின்றார். அக்கா வேப்பந்தட்டையில் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை கலைந்துபோயிருந்தது.

மரத்தைச் சாய்க்க இரண்டு நாள் ஆயிற்று. சாய்ந்தபோது ஏரியில் இருந்த நாரையெல்லாம் எழும்பின. ஆனால் ஊர் சத்தமே போடவில்லை. வேறு ஊர்களில் மரம் விழுந்தால் சுள்ளி பொறுக்க ஒரு கூட்டம் ஓடிவரும். இங்கே ஒரு குச்சியைக்கூட எவரும் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் கோடாங்கி வந்தார். தள்ளாடும் கிழவராகி, கண் மங்கிப்போயிருந்தார்; என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆணிகளைச் சும்மா பிடுங்கிப் போட்டுவிடக் கூடாதாம். பிடுங்கியதைப் பொழுது சாய்வதற்குள் கரையிலிருந்த இன்னொரு புளியமரத்தில் மறுபடி அடித்துவிட வேண்டுமாம். அடிக்கும்போது அது யாருடைய ஆணி என்று சம்பந்தப்பட்டவளோ அவளுடைய சொந்தக்காரரோ பேரைச் சொல்லவேண்டும். "பேரு சொல்லாம அடிச்சா நிக்காது. எறங்கித் தேடிக்கிட்டுப் போயிடும்" என்றார்.

அன்று பார்த்த காட்சி என் நெஞ்சைவிட்டு இன்னும் அகலவில்லை. ஊர்ப் பெண்கள் கையில் வேப்பிலையோடு தூரத்தில் வரிசையாக நின்றார்கள். மச்சான் குறடு போட்டு ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி முறத்தில் வைத்தார். ஒவ்வொன்றும் கிறீச்சிட்டு வெளியே வரும்போது, கூட்டத்தில் யாரோ ஒருத்தியின் கை தன் உச்சந்தலைக்குப் போகும். பேரன் பேத்தி எடுத்தவர்களும் இருந்தார்கள். நேற்றுக் கல்யாணமானவர்களும் இருந்தார்கள். அடிக்கும்போது பேரைச் சொல்ல ஒவ்வொருத்தியாக முன்னே வந்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்கே தெரியாமல் இருந்ததெல்லாம் அன்று ஊருக்கே தெரிந்தது. யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது.

பதினெட்டு ஆணி வந்தது. கோடாங்கி கணக்கில் பத்தொன்பது.

"இன்னும் ஒண்ணு இருக்குப்பா. கெழக்குப் பக்கம். வெளியூருப் புள்ள ஒண்ணு" என்றார் கிழவர்.

மச்சான் என்னைப் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை, காத்திருந்தார். நான் துண்டால் முகத்தைத் துடைத்தேன். "நீ ஒரு தரம் தடவிப் பாரு மாப்ள" என்றார்.

தடவிப் பார்க்க வேண்டிய தேவையே எனக்கு இல்லை. மரம் பருக்குமே தவிர, அடிமரத்தில் அடித்த ஆணி உயரே போகாது. அக்காவின் உச்சி என் புருவத்துக்கு வரும். வேர்ப்பக்கத்திலிருந்து அந்த உயரத்தை அளந்து கையை வைத்தேன். பட்டையில் தொப்புள்போல ஒரு சுருக்கம். விரலை அழுத்தினால் உள்ளே இரும்பின் குளிர்ச்சி. அக்காவின் பேரை அந்தக் கூட்டத்தின் முன்னால், மச்சானின் முன்னால் சொல்லவேண்டும். சொல்லாமல் பிடுங்கினாலோ, அது இறங்கித் தேடிக்கொண்டு வேப்பந்தட்டைக்குப் போகும். பேயை நம்பினேனா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. வயிற்றில் இருந்த பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

"ஒண்ணுமில்ல மச்சான்."

"நல்லாத் தடவிப் பாத்தியா?"

"பாத்துட்டேன். சாய்க்கும்போது பட்டையோட தெறிச்சிருக்கும்."

கோடாங்கி தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். மச்சான் குறடைத் துடைத்துக் கீழே வைத்தார். பிறகு, "சரி, நீ சொன்னா சரிதான்" என்றார்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. பெரிய மூளைக்காரன் என்று நினைப்பு. மற்றப் பதினெட்டு ஆணிகளும் நாலு விரற்கடை நீளம். மரம் ஒரு விரற்கடை பருத்திருக்கும். ஆகவே கிழக்குப் பக்கத்து ஓரப் பலகையை ஆறு விரற்கடைக் கனத்துக்கு விட்டுவிட்டால் ஆணி அதற்குள்ளேயே பத்திரமாகக் கிடக்கும். வாள் அதைத் தொடாமல் கடந்துவிடும். பட்டையோடு வரும் ஓரப் பலகையை எப்படியும் கரி மூட்டத்தில்தான் போடுவார்கள். பிடுங்காத ஆணி மரத்தோடேயே வெந்துபோனால் எதுவும் இறங்கித் தேட வழியில்லை என்பது என் கணக்கு. கரித்தூளில் தோய்த்த நூலை நானே பிடித்துக் கோடு அடித்தேன். "இவ்வளவு கனமா எதுக்கு வுடுற?" என்று மச்சான் கேட்டார். ஓரத்தில் வெடிப்பு இருக்கிறது என்றேன். இரண்டாவது பொய் முதலாவதைப்போலக் கஷ்டமாக இல்லை. கோடு ஒரு நூல்கூட உள்ளே வெளியே போகக் கூடாது என்பதால், "இன்னைக்கு நான் மேல நிக்கிறேன் மச்சான், தூளு கண்ண உறுத்துது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே துண்டைத் தலையில் போட்டுக் குழிக்குள் இறங்கினார்.

பாதி மரம் அறுபடும்வரை ஒன்றுமில்லை. புளியமரத்தின் ஓரத்துத் தூள் மஞ்சளாக விழும். எனக்குள் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அக்காவின் உயரத்தைத் தாண்டிவிட்டால் போதும். இரும்பு கிடக்கிற மரம் அதைச் சுற்றி மைபோலக் கறுத்திருக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் மேலே நிற்பவனுக்குத் தூள் தெரியாது. குழியிலிருந்து குரல் வந்தது.

"மாப்ள! தூளு கறுத்து வருதுடா!"

குழியில் நிற்பவர் நிமிரவே கூடாது. கறுத்த தூளைக் கண்டதும், அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மச்சான் நிமிர்ந்திருக்கிறார். அந்த இழுப்பு அதற்குள் பாதி இறங்கிவிட்டிருந்தது. என் இரண்டு கைக்குள்ளும் வாள் ஒரு முறை துள்ளியது. எட்டு வருடம் முன்னால் அந்தத் தோள் துள்ளிய அதே துள்ளல். கீழே ஒரு சத்தம். நான் குனிந்து பார்த்தபோது மச்சான் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மரத்தூளில் உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கில் வழிந்த இரத்தத்தைத் தூள் குடித்துக்கொண்டிருந்தது.

பெரம்பலூருக்குக் கரி பஸ்ஸில் கொண்டுபோனேன். மேடு வரும்போதெல்லாம் பஸ் நின்றது. ஒவ்வொரு தடவையும் கிளீனர் இறங்கி அடுப்பைக் கிளறிக் கரி போட்டான். என் மடியில் தலைவைத்திருந்த மச்சான், "வாளுக்கு எத்தனை பல்லு போச்சுடா?" என்று கேட்டார். அதைத் தவிர அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. பெரம்பலூரில் முடியாது என்று திருச்சிக்கு அனுப்பினார்கள். வாளின் பல்லைக் கண்ணிலிருந்து எடுத்தார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் திரும்பிப் போய், ஆப்பு வைத்து அந்த வெட்டைப் பிளந்தேன். அப்போதுதான் மறந்துபோனது நினைவுக்கு வந்தது. கோடாங்கியின் ஆணி முதல் அடியிலேயே வளைந்துவிட்டது. பதறிப்போன அம்மா எங்கள் வண்டிப் பெட்டியிலிருந்து, வண்டிச் சட்டத்துக்கு அடிக்கிற சாண் நீள ஆணியை எடுத்துக் கொடுத்தாள். "கெட்டியா நிக்கட்டும் சாமி" என்று சொல்லியே கொடுத்தாள். துரு தின்றிருந்த அந்த ஆணி உளி பட்டதும் இரண்டாக முறிந்தது. முனை உள்பலகையிலேயே தங்கிவிட்டது. முடி சுற்றிய தலைப்பாதியை நான் மடியில் முடிந்துகொண்டேன்.

இரண்டு மாதத்தில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. சுகப் பிரசவம். எதுவும் இறங்கி வரவுமில்லை, தேடவுமில்லை. நான் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் என் வாயால் நடந்தது. மச்சான் கேட்டவர்களிடமெல்லாம், "பழைய மரம், முழுங்கிடுச்சு. நான்தான் ஒழுங்காப் பாக்கல" என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். முனை பொதிந்த பலகையைக் காண்டிராக்டர் வேண்டாம் என்று தள்ளிவிட்டதால், மச்சான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு கால் அடித்து, அக்கா உட்கார விசுப்பலகை ஆக்கினார். நடுவில் மைக்கறை படிந்த ஒரு வட்டம், அதன் மையத்தில் இரும்புப் பொட்டு. அக்கா அதன்மேல் உட்கார்ந்துதான் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், தலை உலர்த்தினாள். ஒற்றைக் கண்ணோடு மச்சான் இன்னும் பல வருடம் தொழில் செய்தார். என்னிடம் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஒரே ஒரு மாற்றம். நான் தடவிப் பார்த்த மரத்தை அவர் மறுபடியும் ஒரு முறை தடவிப் பார்ப்பார்.

அவர் இறந்து காரியமெல்லாம் முடிந்த மறுநாள் பகலில் அக்காவும் நானும் தனியாக இருந்தோம். இனியாவது அவளிடம் சொல்லிவிடவேண்டும் என்று பொடி டப்பாவைச் சட்டைப் பையில் எடுத்துப்போயிருந்தேன். பலகையில் உட்கார்ந்திருந்த அக்கா கட்டைவிரலால் அந்தக் கறையைத் தேய்த்துக்கொண்டே பேசினாள்.

"கல்யாணமான மறு வாரமே அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா. பொய்ய வச்சுக்கிட்டு எனக்கு வாழத் தெரியல. அந்த மரத்த வெட்டப் போறாங்கன்னு சேதி வந்தப்ப நான்தான் அவர அனுப்புனேன். வயித்துல புள்ளையோட கெடக்கேன், என்ன அங்கயே கட்டிப்போட்ட மாதிரி இருக்கு. அந்த ஆணிய மறுபடி அடிக்க வுடாம வூட்டுக்குக் கொண்டாந்து என் கையில குடுங்கன்னு கேட்டேன்."

கறையைத் தேய்ப்பதை அவள் நிறுத்தினாள்.

"அம்மா சத்தியம் வாங்குனது அவருக்குத் தெரியும். நீயா வாயத் தொறப்பேன்னு பாத்தாராம். நீ ஒண்ணுமில்லன்னதும் வுட்டுட்டாரு. கூடப்பொறந்தவன் கையி பொய் சொல்லுமான்னாரு." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவே தட்டுப்படலியாடா?"

சட்டைப் பைக்கு எத்தனை தூரம்? ஒரு சாண்கூட இல்லை. கை எழவில்லை. அந்த மனிதர் என் கையை நம்பிக் குழிக்குள் இறங்கினார் என்று தெரிந்த பிறகு, அந்தக் கையால் ஆணியை எடுத்து எப்படி நீட்டுவது?

"இல்லக்கா."

"மீதிப் பாதி?"

"பாக்கலக்கா. தூளோட போயிருக்கும்."

அக்கா கறையிலிருந்து விரலை எடுத்தாள். எழுந்து எனக்குச் சோறு போட்டாள்.

இப்போது அக்காவும் இல்லை. அவள் மகள் வீட்டை மாற்றியபோது அந்த விசுப்பலகையை என்னிடம் அனுப்பிவிட்டாள். இன்று காலை டப்பாவைத் திறந்து, பாதி ஆணியின் உடைந்த முகத்தைக் கறையின் நடுவே இருக்கும் இரும்புப் பொட்டில் வைத்துப் பார்த்தேன். துரு உதிர்ந்திருந்தாலும் இரண்டும் பொருந்தின. கோடாங்கி சொன்ன முறைப்படி அடுத்து நான் செய்யவேண்டியது ஒன்றுதான், பேரைச் சொல்லவேண்டும். வீட்டில் யாரும் இல்லை. சத்தியம் வாங்கியவள் இல்லை, கேட்கக் கூடாதவர் என்று நான் நினைத்திருந்தவரும் இல்லை. வாயைத் திறந்து பார்த்தேன். இத்தனை பக்கம் எழுதியும் அக்கா என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தப் பேர் வரவில்லை. ஆணியை மறுபடி டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.